முத்துக் கடலில் ஹெர்குலிஸ்: வீரக் கதைகளும் நாமும்

சந்திரகுப்த மௌரியரின் அவைக்குக் கிரேக்கத் தூதராக மெகஸ்தனிஸ் வந்தது கி.மு. 300ஐ ஒட்டிய ஆண்டுகளில். இந்தியாவைப் பற்றி அவர் எழுதிய நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதிலிருந்து பல செய்திகளை எடுத்துக்கொண்டு, நானூறு ஆண்டுகளுக்குப் பின் அர்ரியன் என்பவர் 'இந்திகா' என்ற சிறுநூலை எழுதினார். அதில் நம் கரைக்கு நேராகத் தொடர்புடைய ஒரு செய்தி உண்டு. ஹெர்குலிஸ் நிலமும் நீரும் சுற்றிக் கொடியவற்றையெல்லாம் அழித்தொழித்த பின்னர், கடலுக்குள் பெண்களுக்குரிய புதியதோர் அணிகலனைக் கண்டானாம். அதுதான் முத்து. தன் மகளை அழகு செய்ய விரும்பி அக்கடலின் முத்துகளையெல்லாம் திரட்டினானாம். மகளின் பெயர் பண்டையா. அவள் ஆண்ட நாட்டுக்கும் அதுவே பெயர். தந்தை அவளுக்கு 500 யானைகளும், 4,000 குதிரைகளும், 1,30,000 காலாட்களும் அளித்தான் என்று கணக்கும் தரப்படுகிறது.

பண்டையா என்பது பாண்டிய நாட்டையே குறிக்கும் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அந்த ஹெர்குலிஸ் உண்மையில் வடமதுரைக் கண்ணனே என்றும், கிரேக்கர்கள் தாம் கேட்ட இந்தியக் கதைக்குத் தம் வீரனின் பெயரைச் சூட்டிவிட்டனர் என்றும் பலர் விளக்குவர். எவ்வாறாயினும், ஒரு கிரேக்கப் புராண வீரன் முத்துக் குளித்த கடல் என்று பண்டைய நூலொன்று நம் கடலைச் சுட்டுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் பெயரறியாக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய செங்கடற் பயண நூலில் கொற்கையின் பெயர் 'கொல்கோய்' என்று காணப்படுகிறது. குற்றவாளிகளைக் கொண்டு அங்கு முத்துக் குளிப்பு நடைபெற்றதாகவும் அந்நூல் கூறும். ஜேசன் என்ற வீரன் பொன்னாலான ஆட்டுத் தோலைத் தேடிச் சென்றதாகக் கதையில் வரும் கருங்கடற்கரை மக்களுக்கும் கிரேக்க மொழியில் இதே எழுத்துகளால் ஆன பெயர்தான். இவ்விரண்டுக்கும் உறவில்லை, ஒலி ஒப்புமை மட்டுமே. ஆயினும் தாமிரபரணியின் முகத்துவாரத்தில் நங்கூரம் பாய்ச்சிய கிரேக்க மாலுமி அப்பெயரைக் கேட்டபோது, பிள்ளைப் பருவத்தில் கேட்ட கதை அவன் நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

கொற்கையிலிருந்து கடல் விலகிப் போயிற்று. பழைய காயலிலிருந்தும் விலகிற்று. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளிப்பும் 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. ஆனால் கிரேக்க வீரர்களின் வருகை நின்றபாடில்லை. முன்பு மரக்கலத்தில் வந்தவர்கள் இப்போது திரையில் வருகிறார்கள். 1997இல் 'ஹெர்குலிஸ்' என்ற சித்திரப்படம் வந்தது. 2004இல் 'ட்ராய்' என்ற திரைப்படம் வந்தது. 2005இல் ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் நாவல் வரிசையின் முதல் நூல் வெளியாயிற்று. அதே ஆண்டில் 'காட் ஆஃப் வார்' என்ற கணினி விளையாட்டும் வெளிவந்தது. மேடலின் மில்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி அக்கிலீஸைப் பற்றி 2011லும், சர்சி என்ற மாயக்காரியைப் பற்றி 2018லும் எழுதிய நாவல்கள் உலகெங்கும் இளைஞர்களால் விரும்பிப் படிக்கப்படுகின்றன. இவற்றை அறிந்தவர்கள் நம் மத்ரஸாக்களிலும் இருக்கின்றனர். அவர்களை எவ்வாறு நோக்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதில் நான் நடுநிலையாளன் அல்லன். ஒரு காலத்தில் தவறாகத் தீர்ப்பளித்தவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

'ட்ராய்' வெளிவந்த மறு ஆண்டு என்று நினைவு. அரபி இன்ஷா வகுப்பில், 'நான் வியக்கும் வீரர்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவர் ட்ராய் நகரின் இளவரசனான ஹெக்டரைப் பற்றி எழுதியிருந்தார். போருக்குப் புறப்படும் ஹெக்டர் செவிலியிடமிருந்த கைக்குழந்தையை வாங்க நீட்டிய கைகளையும், தலைக்கவசத்தின் மேலிருந்த குதிரைமயிர்க் கொண்டையைக் கண்டு குழந்தை வீறிட்டதையும், தகப்பன் சிரித்துக்கொண்டே கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை முத்தமிட்டதையும் வருணித்திருந்தார். ஹோமரின் இலியத் காவியத்தில் ஆறாம் பகுதியில் வரும் காட்சி அது. அவ்வகுப்பில் எழுதப்பட்டவற்றுள் மிகச் சிறந்த அரபி அதுவே. நான் அதன் குறுக்கே சிவப்பு மையால் கோடிட்டு, 'லஹ்வல் ஹதீஸ்' என்று எழுதி, மதிப்பெண் தராமல் திருப்பிக் கொடுத்தேன். அதே நாளில் இன்னொரு மாணவர், முஹம்மது ஹனீபா (ரஹ்) அவர்கள் பல்லாயிரம் பகைவரைத் தனியொருவராக வெட்டி வீழ்த்திய படைப்போர்க் கதையைத் தம் பாட்டியாரிடம் கேட்டபடி எழுதியிருந்தார். அதற்கு நல்ல மதிப்பெண் வழங்கினேன். இவ்விரு தீர்ப்புகளும் தலைகீழானவை என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

'லஹ்வல் ஹதீஸ்', அதாவது வீண் பேச்சு என்ற சொல்லை நான் எங்கிருந்து எடுத்தேன் என்பதை ஆலிம்கள் அறிவர். லுக்மான் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில் அது வருகிறது. முஃபஸ்ஸிர்கள் பலர் அவ்வசனத்தை மக்கத்துக் குறைஷியரில் ஒருவனான நள்ரு இப்னு ஹாரிஸோடு தொடர்புபடுத்துவர். அவன் ஹீராவுக்குச் சென்று பாரசீக மன்னர்களின் கதைகளையும், ருஸ்தம், இஸ்ஃபந்தியார் என்ற வீரர்களின் கதைகளையும் கற்று வந்தவன். பெருமானார் (ஸல்) அவர்கள் மக்களுக்கு உபதேசித்துவிட்டு எழுந்ததும் அந்த இடத்தில் வந்து அமர்ந்து, தன் கதை முஹம்மதின் பேச்சைவிடச் சுவையானதல்லவா என்று கேட்பான் என இப்னு இஸ்ஹாக் பதிவு செய்கிறார். ஆக, புராண வீரர்களின் 'ரசிகர்' என்ற பிரச்சினை இஸ்லாத்தின் தொடக்க நாட்களிலேயே எழுந்துவிட்டது. அங்குக் கண்டிக்கப்பட்டது எது என்பதைக் கவனிக்க வேண்டும். இறைவசனத்தைக் கேளாதவாறு மக்களைத் திருப்பும் கருவியாகக் கதையை அவன் பயன்படுத்தினான், அதுவே கண்டனத்திற்குரியதாயிற்று. ருஸ்தமின் பெயரை அறிந்திருப்பதே குற்றமாயின், நான்கு நூற்றாண்டுகள் கழித்து, கி.பி. 1010இல், ஃபிர்தௌஸி என்ற முஸ்லிம் கவிஞர் ஷாஹ்நாமாவை முடித்ததும், முஸ்லிம் சுல்தான்கள் அதைப் பொன்னெழுத்திலும் வண்ண ஓவியத்திலும் எழுதுவித்ததும் எவ்வாறு?

பெருமானாரின் அவையிலேயே பழங்கதைகள் பேசப்பட்டன என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. சுப்ஹுக்குப் பின் சூரியன் உதிக்கும் வரை தொழுத இடத்திலேயே அண்ணலார் அமர்ந்திருப்பார்கள் என்றும், தோழர்கள் அறியாமைக் காலத்து நிகழ்வுகளைப் பேசிச் சிரிப்பார்கள் என்றும், அண்ணலார் புன்னகை புரிவார்கள் என்றும் ஜாபிர் இப்னு ஸமுரா (ரலி) அறிவிப்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பதினொரு பெண்கள் கூடித் தத்தம் கணவரைப் பற்றி ஒளிக்காமல் பேசிய உம்மு ஸர்உ கதையை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்ல, நபியவர்கள் முழுவதும் செவிமடுத்து, கனிவான ஒரு சொல்லோடு நிறைவு செய்தது புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. அக்கதையில் வீரர் எவரும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கதையைச் சுவைப்பதற்கு அங்கு இடம் இருந்தது.

இனி அப்பாசியர் காலத்துக்கு வருவோம். அரிஸ்டாட்டில், கலேன், தாலமி ஆகியோரை அரபியாக்கிய பக்தாத் மொழிபெயர்ப்பாளர்கள் ஹோமரை மட்டும் தொடவில்லை. கிரேக்கத் தெய்வங்களின் மீதிருந்த வெறுப்பே காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. அது பாதி உண்மையே. மொழிபெயர்ப்பாளர்களின் தலைவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் பக்தாதில் ஹோமரின் கவிதையைக் கிரேக்க மொழியிலேயே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு உலாவியதைக் கண்டவர் உரைத்த செய்தி, மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆவின் நூலில் உள்ளது. ஆக, அவர்கள் ஹோமரை அறியாதவர்கள் அல்லர். கவிதை மொழிபெயர்ப்புக்கு உட்படாது, பெயர்த்தால் அதன் யாப்பும் வியப்பும் சிதைந்துவிடும் என்ற ஜாஹிளின் கருத்து அக்காலத்தவரின் பொதுக் கருத்தைக் காட்டுகிறது. அரிஸ்டாட்டிலின் கவிதையியலை அரபியாக்கிய மத்தா இப்னு யூனுஸ், நாடக மேடையையே கண்டிராதவராதலால், துன்பியல் நாடகத்தை 'மதீஹ்' என்றும், நகைச்சுவை நாடகத்தை 'ஹிஜாஉ' என்றும், அதாவது புகழ்ப்பா, வசைப்பா என்று பெயர்த்துவிட்டார். இப்னு ருஷ்து போன்ற பேரறிஞரும் அவ்வழியே செல்ல நேர்ந்தது. இங்குத் தடை செய்தது மார்க்கம் அன்று, பழக்கமின்மையே.

வாசல் வழியாக வராத வீரர்கள் வானத்தின் வழியாக வந்து சேர்ந்தார்கள். தாலமியின் நூலில் 48 விண்மீன் கூட்டங்கள் உள்ளன. அவற்றுள் பல கிரேக்கக் கதை மாந்தர்களின் உருவங்களே. அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964இல் எழுதிய விண்மீன்களைப் பற்றிய நூலில் அவையனைத்தும் படத்தோடு விளக்கப்பட்டுள்ளன. ஹெர்குலிஸ் அங்கு 'அல்ஜாஸீ', மண்டியிட்டிருப்பவன். ஆந்த்ரமீடா 'அல்மர்அத்துல் முஸல்ஸலா', சங்கிலியால் பிணிக்கப்பட்ட பெண். பெர்சியூஸோ 'பர்ஷாவுஷ்' என்ற அரபி உருவில், 'ராஸுல் கூலை ஏந்தியவன்' என்ற விளக்கத்தோடு, கையில் ஒரு கோரத் தலையைப் பிடித்தபடி நிற்கிறான். பாம்புகளே கூந்தலான மெடூசாவின் தலை அது. அரபிகள் தமக்குத் தெரிந்த பாலைவனப் பேயான 'கூல்' என்ற சொல்லால் அதைப் பெயர்த்தனர். அந்த விண்மீனை மேலை நாட்டார் இன்றும் 'அல்கால்' என்றே வழங்குகின்றனர். ஏறத்தாழ 2 நாள் 21 மணி நேரத்துக்கு ஒருமுறை அது சட்டென மங்கி, மீண்டும் ஒளிபெறும். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்கள் அவை என்பது பிற்கால அறிவியலின் விளக்கம். மார்கழி, தை மாதங்களில் இஷாவுக்குப் பின் காயல்பட்டினக் கடற்கரையில் நின்று வடவானை நோக்கினால் வெறுங்கண்ணாலேயே அதைக் காணலாம். ஸூஃபி ஒரு முஸ்லிம். மெடூசா உண்மையில் இருந்தாள் என்று அவர் நம்பியதாக எவரும் குற்றம் சாட்டியதில்லை. பெயரைப் பெயராகவும், கதையைக் கதையாகவும் எடுத்துக்கொள்ளும் தெளிவு அன்றைய வாசகர்களுக்கு இருந்தது.

மாலுமிகள் வழியாகவும் அவர்கள் வந்தனர். சிந்துபாதின் மூன்றாம் பயணத்தில் ஒரு பூதம் பயணிகளை ஒருவர் பின் ஒருவராகப் பிடித்துச் சுட்டுத் தின்கிறது. அது உறங்கும்போது இரும்புக் கம்பிகளைப் பழுக்கக் காய்ச்சி அதன் கண்களைக் குத்திவிட்டுத் தப்புகின்றனர். தோணியில் ஏறியதும் கரையிலிருந்து பாறைகள் பறந்து வருகின்றன. ஒடிசியஸ் ஒற்றைக் கண் அரக்கனின் குகையில் சிக்கி, ஒலிவ மரக் கழியைத் தீயிலிட்டு அவன் கண்ணைக் குத்தித் தப்பியதும், அவன் மலைப்பாறையைப் பெயர்த்துக் கப்பலை நோக்கி எறிந்ததும் இதனோடு எவ்வளவு நெருக்கமானவை! துருக்கியரின் தேதே கோர்குத் கதைகளிலும் ஒற்றைக் கண் அரக்கன் உண்டு. யாரிடமிருந்து யார் பெற்றனர் என்று அறுதியிட்டுக் கூற இயலாது. துறைமுகங்களில் கதைக்குச் சுங்கம் வசூலிப்பவர் எவரும் இல்லை. சிந்துபாத் தன் ஆறாம் பயணத்தில் ஸரந்தீபுக்கே வந்துவிடுகிறான். நம் முத்துக் கடலின் மறுகரைதானே அது.

கற்பனைக் கதை பொய்யாகாதா என்ற வினாவுக்கு நம் பாடத்திட்டத்திலேயே விடை இருக்கிறது. அரபிக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக ஓதப்படும் மகாமாத் நூலின் முன்னுரையில் ஹரீரி இக்கேள்வியை எதிர்கொள்கிறார். விலங்குகளையும் உயிரற்ற பொருள்களையும் பேச வைத்துப் புனைந்த கதைகளைச் சொன்னவர்களை யாரேனும் பாவிகள் என்றார்களா என்று கேட்டு, செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்ற அடிப்படையில் தம் புனைவை நியாயப்படுத்துகிறார். சிவப்பு மையால் கோடிட்ட அன்று காலையில்கூட அம்முன்னுரையை நான் நடத்தியிருக்கக் கூடும். அஸ்ஹரில் கற்ற ஆலிமான ரிஃபாஆ அத்தஹ்தாவீ 1850இல் சூடானுக்கு அனுப்பப்பட்டு ஏறத்தாழ வனவாசம் போல் கழித்த ஆண்டுகளில், ஒடிசியஸின் மகன் டெலமாக்கஸைப் பற்றிப் பிரெஞ்சுப் பேராயர் ஃபெனலோன் எழுதிய கதையை அரபியாக்கினார். அது 1867இல் பெய்ரூத்தில் அச்சாயிற்று. லெபனானியக் கிறித்தவரான சுலைமான் அல்புஸ்தானீ இலியத் முழுவதையும் அரபிச் செய்யுளாக்கி 1904இல் கெய்ரோவில் வெளியிட்டு, நீண்ட முன்னுரையில் அதை ஜாஹிலிய்யக் கவிதைகளோடு ஒப்பிட்டார். கண்பார்வையற்ற தாஹா ஹுசைன் சோஃபக்கிளிஸின் நாடகங்களை அரபியில் தந்தார். ஆயிரம் ஆண்டுக் காலத் தயக்கம் இவ்வாறு நீங்கிற்று.

இதுவரை கூறியது ஹெக்டருக்காக. இனி நான் நல்ல மதிப்பெண் வழங்கிய மற்றொரு கட்டுரைக்கு வருவோம்.

கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகியன முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குத் தந்த புதிய இலக்கிய வகைகள். வரிசை முகையித்தீன் புலவரின் 'சக்கூன் படைப்போர்' 1686இல் தோன்றியது. அசன் அலிப் புலவர் 'ஐந்து படைப்போர்' பாடினார். 'சைத்தூன் கிஸ்ஸா'வில் அலீ (ரலி) அவர்களின் மைந்தர் முஹம்மது ஹனீபா, வாளெடுத்துப் போரிடும் இளவரசி சைத்தூனை எதிர்கொண்டு மணம் புரிகிறார். 'இறவுசுல் கூல் படைப்போர்' என்ற நூலும் உண்டு. விண்மீனாக நாம் கண்ட அதே ராஸுல் கூல் இங்கு அலீ (ரலி) அவர்களை எதிர்த்த ஓர் அரசனின் பெயராக வருகிறான். அரபியில் அல்பக்ரீயின் பெயரால் வழங்கும் கட்டுக்கதையே அதன் மூலம். இன்று அமெரிக்கச் சித்திரக்கதையான 'பேட்மே'னில் வரும் வில்லனுக்கும் இதே பெயர் என்று மாணவர்கள் சொல்லக் கேட்டு வியந்தேன். கதைப் பெயர்களுக்குத்தான் எத்தனை பிறவிகள்!

இக்கதைகள் ஊட்டிய உணர்ச்சியைக் குறைவாக மதிப்பிடலாகாது. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைத் தாக்கிய முந்தைய இரவில், அங்கிருந்த வீரர்கள் முஹம்மது ஹனீபாவின் கதையைப் படிக்கக் கேட்க விரும்பிச் சுல்தானிடம் ஆளனுப்பியதாக மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு' கூறுகிறது. சுல்தான் முதலில் அமீர் ஹம்ஸாவின் கதையை அனுப்பினாராம். வீரர்கள் ஹனீபாவின் கதையையே வேண்டினார்களாம். காலையில் சாகப் போகிறவர்கள் இரவில் கேட்க விரும்பிய கதை அது. காயலிலும் கீழக்கரையிலும் நம் பாட்டிமார்கள் விளக்கு வைத்த பின் கேட்டு அழுததும் அவரைப் பற்றிய கதைகளைத்தான்.

ஆனால் வரலாற்றிலுள்ள முஹம்மது இப்னுல் ஹனஃபிய்யா (ரஹ்) யார்? ஹனீஃபா குலத்துக் கவ்லாவின் மைந்தர், ஹிஜ்ரி 81இல் மறைந்தவர், கல்வியாளர். தந்தையார் காலத்துப் போர்களில் கொடி பிடித்தவர்தான். எனினும் கர்பலாவுக்குப் பின் எழுந்த குழப்பங்களில் தம் பெயரைச் சொல்லி முக்தார் கிளர்ச்சி செய்தபோதும் வாளை உயர்த்த மறுத்து ஒதுங்கி இருந்தார். முஸ்லிம்களின் இரத்தம் சிந்தும் ஆட்சி தமக்கு வேண்டாம் என்ற அம்மறுப்பே அவருடைய பெருமை. நம் படைப்போர்கள் அப்பெருமையை அழித்துவிட்டு, வெட்டி வீழ்த்திய தலைகளின் எண்ணிக்கையை அவருக்குச் சூட்டின. எனது மாணவர் எழுதியது இந்தப் பொய்யான ஹனீபாவை. அதற்குத்தான் நான் மதிப்பெண் தந்தேன். ஹெக்டரைப் பற்றி எதை எழுதினாலும் யாருடைய வரலாறும் கெடுவதில்லை. தாபிஈன்களில் ஒருவரைப் பற்றி இல்லாத போரை எழுதினால் ஓர் உண்மை மனிதர் மறைந்து போகிறார். இப்னு கஸீர் தம் வரலாற்று நூலில், பத்தால் என்ற உமையாக்கள் காலத்து வீரரின் பெயராலும் அன்தராவின் பெயராலும் வழங்கும் மக்கள் கதைகளையும், பக்ரீயின் நூலையும் கடுமையாகச் சாடியது இக்காரணம் பற்றியே. பெருமானாரின் மீது வேண்டுமென்றே பொய்யுரைப்போருக்குள்ள எச்சரிக்கையை நினைத்துப் பார்த்தால் அக்கடுமை புரியும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படைப்போர் பாடிய காலத்திலேயே வேறொரு வழியும் இந்த மண்ணில் இருந்தது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் உமறுப் புலவர், சீறாப்புராணத்துக்கான செய்திகளை ஆலிம்களிடம் கேட்டுப் பெற்ற பின்னரே பாடத் தொடங்கினார் என்பது வழிவழிச் செய்தி. காயல்பட்டினத்தில் பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பாவின் பெயர் அதில் தவறாமல் வரும். கற்பனையின் சிறகு எங்கு விரியலாம், எங்கு விரியலாகாது என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்தது. மற்றொரு பக்கம், படைப்போர்கள் பொய் என்று கண்டுகொண்ட சீர்திருத்தக் காலத்து ஆர்வலர்கள், அவற்றின் தமிழையும் சேர்த்துக் கரையானுக்கு இரையாக்கினர். அவற்றை இலக்கியம் என்று பெயரிட்டுக் காத்திருக்கலாம். நம் வீட்டுக் கதைப்பெட்டியைக் காலி செய்துவிட்டு, பிள்ளைகள் அண்டை வீட்டுப் பெட்டியைத் திறக்கிறார்களே என்று வருந்துவதில் பொருளில்லை.

அண்டை வீட்டுப் பெட்டியில் அவர்கள் காண்பதுதான் என்ன? இக்கால ரசிகர்கள் அக்கிலீஸையோ ஹெர்குலிஸையோ வணங்குவதில்லை. கிரேக்க நாட்டில் பழந்தெய்வ வழிபாட்டை மீட்டெடுக்க முனையும் சிறு குழுவொன்று உண்டு. அரசின் ஏற்பையும் 2017இல் பெற்றது. அவர்களுக்கும் நம் மாணவர்களுக்கும் தொடர்பில்லை. 'ட்ராய்' படத்தில் தெய்வங்களின் தலையீடே ஏறத்தாழ நீக்கப்பட்டிருந்தது. ரசிகர்களை ஈர்ப்பது வீரர்களின் வலிமையைவிட அவர்களின் குறைகளே என்பதைப் பேசிப் பார்த்து அறிந்தேன். அக்கிலீஸ் கோபத்தால் கெட்டவன். அவன் போர்க்களத்தை விட்டு ஒதுங்கியதால் அவன் உயிர்த் தோழனே மாண்டான். ஒடிசியஸ் தப்பியோடும் கப்பலிலிருந்து தன் பெயரை உரக்கச் சொல்லிப் பெருமையடித்ததால் பல ஆண்டுகள் கடலில் அலைந்தான். தோற்றவனான ஹெக்டரின் பக்கம் நிற்போரே அதிகம். இதைப் புதியதோர் ஆபத்தாக நினைக்கத் தேவையில்லை. நாம் ஓதிக் கொடுக்கும் முஅல்லகாத்தில் அன்தரா இல்லையா? அடிமைப் பெண்ணின் மகன் என்பதற்காக மகனென்று ஏற்கப்படாதவர், எதிரிகள் சூழ்ந்த நாளில் தந்தை போரிட ஏவியபோது, அடிமைக்குத் தெரிந்தது பால் கறப்பதே என்று ஒதுங்கி நின்றார். விடுதலை அளித்த பிறகே பாய்ந்தார். அவமதிக்கப்பட்டதால் களத்தை விட்டு ஒதுங்கிய அக்கிலீஸும் இவரும் ஒரே பாசறையில் அமர்ந்து உரையாடியிருக்கலாம். ஜாஹிலிய்யத்தின் அன்தராவைத் தேர்வுக்குரிய பாடமாக்கிவிட்டு, ஹெக்டரை எழுதிய மாணவரைக் கண்டித்தவன் நான்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. குறையுள்ள வீரனைச் சுவைத்துப் பழகியவர்கள், அதே கண்ணோடு நபிமார்களின் வரலாற்றையும் அணுகக் கூடும். இபுறாஹீம் (அலை), மூஸா (அலை) போன்றோரையும் 'வீரர்' வரிசையில் வைத்து, இவரிடம் எந்தக் குறை சுவையானது என்று தேடத் தொடங்கினால் அகீதா ஆட்டம் காணும். நபிமார்கள் 'மஃஸூம்'கள், பாவத்திலிருந்து காக்கப்பட்டவர்கள். அவர்கள் சுவைப்பதற்கு அல்லர், பின்பற்றுவதற்கு உரியவர்கள். கதை வீரனுக்கும் இறைத்தூதருக்கும் உள்ள இந்த வேறுபாட்டை மாணவர்க்குத் தெளிவாகச் சொல்வதே ஆசிரியரின் கடமை. கதைப் புத்தகத்தைப் பிடுங்குவதால் அது நிறைவேறாது. ஆபாசமும் இரத்த வெறியும் மலிந்த விளையாட்டுகள், தொழுகை நேரத்தை விழுங்கும் திரைகள் ஆகியவை பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. அவை எந்த நாட்டுக் கதையாயினும் விலக்குக்குரியவை.

குறையும் தவிப்பும் திருந்துதலும் கொண்ட மனிதர்களின் கதை வேண்டுமென்றால், இட்டுக்கட்டாமலேயே நம்மிடம் உண்டு. ஸஹாபாக்கள் மஃஸூம்கள் அல்லர், மேன்மக்கள். கஅப் இப்னு மாலிக் (ரலி) தபூக் போருக்குச் செல்லாமல் பின்தங்கியதைத் தம் வாயாலேயே சொல்லும் நீண்ட அறிவிப்பு புகாரியில் உள்ளது. இன்று போகலாம், நாளை போகலாம் என்று நாட்கள் கழிந்தன. படை தொலைதூரம் சென்றுவிட்டது. திரும்பி வந்த பெருமானாரிடம் பிறரைப் போல் பொய்க் காரணம் கூறாமல் உண்மையைச் சொன்னார். ஐம்பது இரவுகள் மதீனாவில் எவரும் அவருடன் பேசவில்லை. தம் சிறிய தந்தையின் மகனுடைய தோட்டச் சுவரேறிக் குதித்து ஸலாம் சொன்னார், பதில் இல்லை. பூமியே அந்நியமாகிப் போயிற்று. கஸ்ஸான் மன்னனிடமிருந்து, இங்கே வந்துவிடு, உன்னை மதிப்போம் என்று கடிதம் வந்தது, அதை அடுப்பிலிட்டார். ஐம்பதாம் நாள் காலை, வீட்டுக் கூரையின் மேல் அவர் அமர்ந்திருக்க, ஸல்உ மலையிலிருந்து நற்செய்தி கூவிய குரல் கேட்கிறது. எந்த நாவலாசிரியர் இதைவிடச் சிறப்பாகக் கட்டமைப்பார்? நாமோ இதிலிருந்து 'உண்மை பேச வேண்டும்' என்ற ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறோம்.

வஹ்ஷீ (ரலி) அவர்களின் வரலாறும் அத்தகையது. உஹதில் விடுதலைக்காக ஈட்டி எறிந்து ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றவர். பின்னர் இஸ்லாத்தை ஏற்று அவைக்கு வந்தபோது, ஏற்றுக்கொள்ளப்பட்டார். ஆயினும் முகத்தைத் தம் கண்முன் காட்டாமல் இருக்க இயலுமா என்று அண்ணலார் கேட்டார்கள். அதே ஈட்டியால் யமாமாவில் பொய்த்தூதன் முஸைலிமாவை அவர் வீழ்த்தினார். கொலையாளிக்கும், சிறிய தந்தையை இழந்த பெருமகனாருக்கும் இடையே நிற்கும் அந்தக் கணத்தை ஒருமுறை வகுப்பில் விவரித்தபோது, பின்வரிசையில் வழக்கமாக உறங்குபவர்களும் உறங்கவில்லை. ஹம்ஸா (ரலி) அவர்களைப் பற்றி அமீர் ஹம்ஸா கதைகளில் உள்ள ஆயிரம் மாயங்களில் ஒன்றும் இதற்கு ஈடாகாது.

இவ்வாண்டு அதே இன்ஷாத் தலைப்பை மீண்டும் கொடுத்தேன், ஒரு நிபந்தனையோடு. எழுதுவது ஸனதோடு கூடிய வரலாறா, புனைகதையா என்று தாளின் தலைப்பிலேயே குறிக்க வேண்டும். இரண்டுக்கும் மதிப்பெண் ஒன்றே. ஹெக்டர் ஒருவருக்கு வந்தார், பெர்சியூஸ் இருவருக்கு. ஒரு மாணவர் எழுந்து, தாம் துல்கர்னைனைப் பற்றி எழுத விரும்புவதாகவும், எந்தத் தாளில் எழுதுவது என்றும் கேட்டார். இமாம் ராஸீ அவரை மகா அலெக்சாந்தர் என்கிறார். அந்த அலெக்சாந்தரோ, அக்கிலீஸின் கல்லறைக்கு மாலை சூட்டி, இலியத்தைத் தலையணைக்கடியில் வைத்து உறங்கிய முதல்தர ரசிகர். இப்னு கஸீரோ, குர்ஆன் கூறும் இறைநம்பிக்கையாளர் வேறு, அரிஸ்டாட்டிலின் மாணவனான மாசிதோனியன் வேறு என்று மறுக்கிறார். இரு தஃப்ஸீர்களையும் நூலகத்தில் பார்த்துவிட்டு எழுதும்படி சொன்னேன். மற்றவர்கள் எல்லாரும் கொடுத்துவிட்டார்கள். அவருடைய தாள் இன்னும் வந்து சேரவில்லை.